அப்பாவின் பல்செட்டும் பச்சை டப்பாவும்

நூல்கண்டுவின் அப்பா தையல்காரர். கடையில் மிஷின் ஒரு பக்கம் ஓடினால், அவருடைய வாய் இன்னொரு பக்கம் ஓடும். எந்நேரமும் தன் காலைச் சுற்றிச் சுற்றி வந்த மகளுக்கு நூல்கண்டு என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். அப்பேர்ப்பட்ட வாய் பத்து நாளாகத் திறக்கவே இல்லை.

சாப்பாடும் இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டதும், "எரியுது" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

"பல் டாக்டர்கிட்ட நீயும் கூடப் போ. இல்லேன்னா மனுஷன் பாதி வழியில திரும்பி வந்துடுவார்" என்று அம்மா நூல்கண்டுவைக் காவலுக்கு அனுப்பினாள்.

நான்கு வருடங்களுக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து அப்பாவின் மேல்வரிசைப் பற்கள் முழுவதும் போய்விட்டன. அன்றிலிருந்து பல்செட்தான். டாக்டரம்மா அதைக் கழற்றச் சொன்னதும் அப்பா சட்டென்று திரும்பினார்.

"கண்ணு, நீ கொஞ்சம் வெளியில உக்காரும்மா."

சிறிது நேரம் கழித்து டாக்டரம்மாவே அவளை உள்ளே கூப்பிட்டார். அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அப்பாவோட மேலண்ணத்துல பூஞ்சை வந்திருக்கு. நாள்பட்ட ரொட்டியில வருமே, அது மாதிரி ஒரு வகை."

"ஐயே! அப்பா வாய்லயா?"

"யார் வாய்லயும் வரலாம். இதோ, மருந்து பாரு."

டாக்டரம்மா ஒரு கிண்ணத்தில் வெள்ளைப் பொடியைக் கொட்டினார். அதனுடன் மஞ்சள் நிறத்தில் இன்னொரு பொடியும் கொஞ்சம் சேர்த்தார். பிறகு ஏதோ திரவத்தை ஊற்றிக் குழைத்து, பல்செட்டின் உள்பக்கம் மெத்தை மாதிரி பூசினார்.

"அந்த மஞ்சள் கலர் பொடிதான் மருந்தா?" என்று கேட்டாள் நூல்கண்டு.

"ஆமா, பூஞ்சையைக் கொல்லற மருந்து. சொட்டு மருந்து விட்டா எச்சிலோட சேர்ந்து வயித்துக்குப் போயிடும். இந்த மெத்தைக்குள்ள கலந்துட்டா, கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு பூஞ்சை இருக்கற இடத்துலயே நின்னு வேலை செய்யும்." டாக்டரம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஆனா தூங்கப் போகும்போது கட்டாயம் கழட்டணும். இந்த டப்பாவுல தண்ணி ஊத்திப் போட்டு வைங்க. வாய்க்கும் ஓய்வு வேணும் இல்லையா?"

அப்பா பலமாகத் தலையாட்டி, பச்சை டப்பாவை வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் போனது. எரிச்சல் குறைந்தபாடில்லை. அன்று காலை நூல்கண்டுவின் சட்டையில் பொத்தான் அறுந்துபோனது. வேறு பொத்தான் தேடி அலமாரியைக் குடைந்தபோது பச்சை டப்பா கையில் கிடைத்தது. திறந்தாள். பொட்டுத் தண்ணீர் இல்லை. டப்பா நிறையப் பொத்தான்கள்!

மாலையில் மறுபடி டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"இன்னும் சிவப்பாவே இருக்கே? தினமும் கழட்டித்தானே வைக்கறீங்க?"

"வைக்காம இருப்பேனா? தினமும்!" என்றார் அப்பா, தேவைக்கு மேல் சத்தமாக.

நூல்கண்டுவுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அப்பா முழித்த முழியைப் பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதாத நாளில் அவளும் அப்படித்தான் முழிப்பாள். பாவமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை மருந்து கலந்து பூசறேன். இதுக்கும் ஆறலேன்னா, ஒரு மாசம் பல்செட்டே போடக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

வீட்டுக்கு நடக்கும்போது நூல்கண்டு மெல்ல ஆரம்பித்தாள். "டப்பாவுல பொத்தான் இருக்குப்பா."

அப்பா நின்றுவிட்டார். "பாத்துட்டியா?"

"டாக்டர்கிட்ட சொல்லலை. ஆனா ஏன்ப்பா கழட்ட மாட்டேங்கறீங்க?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பல்லு போன புதுசுல என்னைப் பாத்துட்டு நீ வீல்னு அழுதே. 'இது எங்கப்பா இல்ல'ன்னு அம்மா பின்னால ஒளிஞ்சுக்கிட்டே. பல்செட் மாட்டற வரைக்கும் கிட்டவே வரலை."

"நானா?"

"அப்ப நீ ரொம்பச் சின்னப் புள்ளை. ஆனா மூணு பேரும் ஒரே ரூம்லதானே படுக்கறோம்? காலையில கண்ணு முழிச்சு என்னைப் பாத்து மறுபடியும் பயந்துட்டேன்னா..."

நூல்கண்டுவுக்கு அது கொஞ்சம்கூட நினைவில்லை. அவள் மறந்துபோன ஒன்றை அப்பா நான்கு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறாரே!

வீட்டுக்கு வந்ததும் பொத்தான்களை ஒரு கிண்ணத்தில் கொட்டினாள். டப்பாவைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். சாப்பாடு முடிந்து பாய் விரித்ததும் அப்பாவின் எதிரில் டப்பாவோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கழட்டுங்கப்பா."

"வேணாம் கண்ணு."

"அப்ப எனக்கு அஞ்சு வயசு. இப்ப ஒன்பது. ஒன்பது வயசுல யாராவது அப்பாவை அடையாளம் தெரியாம முழிப்பாங்களா?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டப்பாவுக்குள் 'ப்ளக்' என்று சத்தம் கேட்டது. திரும்பியபோது பாதி முகம் துண்டுக்குள் இருந்தது.

நூல்கண்டு துண்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

மேலுதடு உள்ளே போயிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. பார்த்தவுடன் அவளுக்குத் திக்கென்றுதான் ஆனது. ஆனால் அவள் கண்ணை எடுக்கவில்லை. அதே அடர்ந்த புருவம். அதே காது. தலைமுடியில் எப்போதும்போல் ஒட்டியிருக்கும் நூல் பிசிறு.

"கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு. ஆனா எங்கப்பாதான்" என்றாள்.

"நிஜமாவா?" என்று அப்பா கேட்டார். பாதி சொல்லாகவும் பாதி காற்றாகவும் வந்தது. நூல்கண்டுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அங்க என்ன கூத்து?" என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவும் அவர்களுடன் சேர்ந்துகொண்டாள்.

அடுத்த இரண்டு வாரத்தில் அப்பா தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார். கடையில் மிஷினோடு போட்டி போட்டுப் பேசவும் ஆரம்பித்தார்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அடடே, சிவப்பே இல்லையே! மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார். பிறகு நூல்கண்டுவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "தினமும் அப்பாவைக் கழட்ட வெக்கறது நீதானா?"

"இல்லையே, அவரேதான் கழட்டறார்" என்றாள் நூல்கண்டு. "நான் சும்மா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்."