கண்ணாடி போட்ட முதலைகள்

காலை 9.40. விரிவுரையாளர் தன் சாவியால் அறையைத் திறந்து உள்ளே போனார். அலமாரியின் மேல்தட்டு காலியாக இருந்தது. நேற்று மாலை திருத்தி முடித்து, நூலால் கட்டி வைத்த முப்பத்தேழு விடைத்தாள்களையும் காணவில்லை. மதிப்பெண் பட்டியலும் அந்தக் கட்டுக்குள்ளேயேதான் இருந்தது.

மாலை மூன்று மணிக்குள் மதிப்பெண்கள் பதிவாளர் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் முப்பத்தேழு பேரும் மறுபடி தேர்வு எழுத வேண்டும். கணிதத் தர்க்கம் நடத்த ஓராண்டுக்கென்று வந்த விரிவுரையாளரும் வேறு வேலை தேட வேண்டும். பதிவாளர் இதைத் தொலைபேசியில் இரண்டு முறை சொன்னார். தர்க்கம் படித்தவருக்கு ஒரு முறையே போதும்.

10.35. காவல் ஆய்வாளர் வந்தார். நாற்காலி போட்டாலும் உட்காராத ரகம். நடந்துகொண்டே யோசிப்பார், பேனாவின் தலையை அமுக்கிக்கொண்டே நடப்பார். ஸ்டேஷனில் அந்த அம்மாவுக்கு வைத்த பெயர் பம்பரம்.

ஜன்னலில் கம்பி. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு; வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். இருப்பது இரண்டே சாவி. ஒன்று விரிவுரையாளரிடம், மற்றது துப்புரவு செய்யும் அம்மாவின் கொத்தில். வாசற்படியோரம் தட்டு அகலத்துக்கு ஒரு நீர்த்தடம் வட்டமாகக் காய்ந்திருந்தது. ஆய்வாளர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார்.

'இந்த அறையிலுள்ள முதலைகள் எல்லாம் கண்ணாடி போட்டவை. சரி.'

"இது என்ன மேடம் கூத்து?"

"பரீட்சைக்கு முன்னாடி மறுபடி சொல்லிக் கொடுத்தது. இதுலதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க. இந்த ரூம்ல முதலையே இல்ல. அதனால அது பொய்யில்ல."

"அதெப்படி?"

"பொய்னு சொல்லணும்னா கண்ணாடி போடாத முதலை ஒன்னைக் காட்டணும். காட்டுங்க."

ஆய்வாளர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தே விட்டார்.

"சரி, கேள்வித்தாள் யார் தயாரிச்சது?"

"நாலு கேள்வி நான். அஞ்சாவது எங்க துறைத் தலைவர் வருஷா வருஷம் கொடுக்கறது. இருபத்தாறு வருஷமா அவர்தானே இந்தப் பாடத்தை நடத்தினார். அந்தக் கேள்வியில ஒரு ஓட்டை இருக்குன்னு நேத்து சாயங்காலம் சொன்னேன். பார்க்கலாம்னார்."

"பதிவாளர் யாரோ ஒரு மாணவனைச் சொல்றாரே?"

"அரியர்னு கூப்பிடுவாங்க. இந்தப் பேப்பர்ல ரெண்டு தடவை போயிட்டான். காலையில இந்தப் பக்கம் வந்தானாம்."

11.10. அரியர் வந்து நின்றான். இருபத்து நான்கு வயது.

"எதுக்கு வந்தே?"

"மார்க் கேக்க. எட்டே முக்காலுக்கு. மேடம் வரல. வாசல்ல வாளி இருந்துச்சு, தரை ஈரம். திரும்பிட்டேன்."

"கதவு?"

"திறந்துதான் இருந்துச்சு."

"இதைச் சொன்னா பழி உன் தலையிலதான் விழும். தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆனா அப்படித்தானே இருந்துச்சு. மறுபடி எழுதச் சொன்னா கிடைச்ச வேலை போயிடும். இந்தத் தடவை நல்லா எழுதியிருக்கேன்."

11.40. துப்புரவு அம்மா வந்ததுமே சொன்னார், "துடைச்சுட்டுப் பூட்டிட்டேன்மா."

"வாசல்ல வட்டமா ஈரம் காஞ்சிருக்கே, அது?"

அம்மா முந்தானையைப் பிசைந்தார். "தரை காயட்டும்னு வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டு அடுத்த ரூமுக்குப் போனேன். பத்து நிமிஷந்தான். வந்து பார்த்தா கதவு சாத்தியிருக்கு, வாளி வெளியில ஓரமா இருக்கு. காத்துன்னு நினைச்சேன். வேலை போயிடும்னு சொல்லல."

"காத்து கதவைச் சாத்தும்மா. வாளியைத் தூக்கி ஓரமா வைக்குமா?"

12.20. துறைத் தலைவரின் அறை. அவர் வாயிலிருந்து பொய் வந்ததில்லை. அது அவருடைய பெருமை. மாணவர்கள் வைத்த பெயர் உண்மைவிளம்பி. மேசை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு பேனா, ஒரு தண்ணீர் டம்ளர். வேறொன்றும் இல்லை.

"காலையில அந்த அறைக்குள்ள போனீங்களா சார்?"

"கதவு பூட்டியிருந்தா நான் உள்ள போயிருக்கவே முடியாது. எங்கிட்ட சாவி இல்ல."

"விடைத்தாள் ஏதாவது இங்க வந்துச்சா?"

"என் மேசைமேல இருக்கற விடைத்தாள் ஒவ்வொன்னும் நானே திருத்தினது."

'போகவில்லை. வரவில்லை.' ஆய்வாளர் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிக் கிளம்பினார்.

1.30. பதிவாளர் மறுபடி அழைத்தார். அந்தப் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போக வேண்டியதுதானே என்றார். ஆய்வாளர் நடைவழியில் மேலும் கீழும் நடந்தார். திருடியவன் கதவு திறந்திருந்ததை மறைக்காமல் சொல்வானா? விரிவுரையாளர் கடிகாரத்தைப் பார்ப்பதும், காலி அலமாரியைப் பார்ப்பதுமாக இருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

2.10. ஆய்வாளரின் கண் மறுபடி முதலைகள் மேல் விழுந்தது. பேனாவின் சத்தம் நின்றது.

"மேடம், மழை பெய்தா வரமாட்டேன்னு ஒருத்தர் சொல்றார். மழையே பெய்யல. வந்துட்டார். பொய் சொன்னாரா?"

"இல்ல. மழை பெய்யலைன்னா வந்தாலும் பொய்யில்ல, வராட்டியும் பொய்யில்ல."

"எழுந்திருங்க. போகலாம்."

2.20. இந்த முறை ஆய்வாளர் தலைவரின் எதிரே உட்கார்ந்தார். விரிவுரையாளர் கதவோரம் நின்றார்.

"தப்பு என்னுதுதான் சார். நீங்க சொன்னதை விட்டுட்டு, எனக்குக் கேட்டதை எழுதிக்கிட்டேன். கதவு பூட்டியிருந்தா போயிருக்க முடியாதுன்னீங்க. பூட்டல, வாளி முட்டுக் கொடுத்துத் திறந்திருந்துச்சு. உள்ள போனேன்னும் நீங்க சொல்லல, போகலைன்னும் சொல்லல. அப்புறம், மேசைமேல இருக்கற விடைத்தாள் எல்லாம் நீங்க திருத்தினதுன்னீங்க. இந்த மேசைமேல விடைத்தாளே இல்ல சார். எல்லாம் கண்ணாடி போட்ட முதலை. போகலைன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம். யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. பொய் சொல்லக்கூடாதுன்னு இவ்வளவு பாடுபடறவர் இந்தக் கட்டடத்துல நீங்க ஒருத்தர்தான்."

தலைவர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"இப்ப ஒரே கேள்வி. கட்டு உங்ககிட்ட இருக்கா? இருக்கு, இல்ல. ரெண்டுல ஒன்னு."

சுவர்க் கடிகாரம் நகர்ந்தது.

"இருக்கு," என்றார் தலைவர். "காலடியில, பையில."

விரிவுரையாளர் பாய்ந்து எடுத்தார். முப்பத்தேழும் இருந்தன, பட்டியலும் இருந்தது. நூல் மட்டும் அவிழ்ந்திருந்தது. மேலே இருந்தது அரியரின் தாள்.

"ஒரு தாளைப் பார்க்கத்தான் போனேன்," என்றார் தலைவர். "கிழிச்சுப் போடலாம்னு தோணுச்சு. கை வரல. திருப்பி வைக்கப் போனப்ப கதவு பூட்டியிருந்துச்சு."

"அப்படி என்ன மேடம் இருக்கு இதுல?"

"அஞ்சாவது கேள்வி," என்றார் விரிவுரையாளர். "சாரோட நிறுவல்ல ஏழாவது வரி, 'அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம்'னு வரும். அப்படி ஒன்னு இல்லாமலே போனா? எல்லாம் அங்கேயே விழுந்துடும். நிறுவவே முடியாத கேள்வி. முப்பத்தாறு பேர் சாரோட குறிப்பை மனப்பாடம் பண்ணி எழுதியிருக்காங்க. இவன் ஒருத்தன் மூணே வரியில ஓட்டையைக் காட்டியிருக்கான். முழு மார்க் போட்டேன்."

"இருபத்தாறு வருஷம்," என்றார் தலைவர். "யாரும் என்கிட்ட நேரா கேட்டதில்ல."

2.51. மதிப்பெண் பட்டியல் பதிவாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்த விரிவுரையாளர் தலைவரின் அறை வாசலில் நின்றார். ஆய்வாளர் இன்னும் உள்ளேதான் இருந்தார். எதிரே அரியர். தலைவர்தான் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

"நீ எழுதினது சரி," என்றார் தலைவர். "பாஸாயிட்டே."

அவன் சிரிக்கவில்லை. தன் தாளை வாங்கி ஐந்தாவது விடையைப் பார்த்தான்.

"போன ரெண்டு தடவையும் இதையேதான் சார் எழுதினேன்."

"படிச்சேன்."

"அப்பவே சரின்னு தெரியுமா சார்?"

ஆய்வாளர் எழுதத் தயாராகப் பேனாவைப் பிடித்திருந்தார். தலைவர் 'பூட்டியிருந்தா' என்று தொடங்கவில்லை. 'ஒவ்வொன்னும்' என்றும் தொடங்கவில்லை.

"தெரியும்," என்றார்.