அசையாத தொண்ணூற்றேழு

மூலக்குளத்தில் ஹேமலதாவின் வீட்டுக்கு வந்தபோது சுடர்விழி நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் விசாரணை. அதற்குள் தான் பொய் சொல்லவில்லை என்று காட்டாவிட்டால் வேலை போய்விடும், போலீஸ் கேஸும் வரும்.

"கோரிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி மேடம். வீராயின்னு ஒரு பேஷண்ட். ஆக்ஸிஜன் பாக்கற மானிட்டர்ல தொண்ணூத்தேழு காட்டுச்சு. திரும்பப் பாத்தேன், அப்பவும் தொண்ணூத்தேழு. கிட்ட போனா ஒடம்பே நீலம் பாரிச்சிருக்கு. பயந்துபோயி பழைய ரீடிங் காட்டற மெனுவத் தொறந்து மூடினேன். ஒடனே எழுவத்தொம்பது. இப்ப ஐசியூல கெடக்கறாங்க."

"மானிட்டரோட மெமரி கார்டுல என்ன பதிவாயிருக்கு?"

"அதான் என்னை மாட்டி வுட்டுச்சு. அதுல படிப்படியா எறங்கியிருக்கு. கார்டுல எறங்கினது ஸ்கிரீன்ல எறங்காதா, அலாரத்த நீதான் அமத்தியிருப்பன்னு சொல்றாங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஹேமலதா கணினிகளின் அடித்தளத்தில் ஓடும் கர்னல் நிரலைப் பிரித்து மேய்கிறவள். மற்றவர்கள் கைகழுவிய கோளாறுகள்தான் அவளிடம் வரும். கூட வேலை பார்க்கும் பிரேம்குமாருக்கு நிதானம் என்பது மருந்துக்கும் கிடையாது. "கார்ட யாரோ மாத்திட்டாங்க. சந்தேகமே வேணாம்" என்றான்.

ஹேமலதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்தத் தொண்ணூத்தேழு ஒண்ணு கூட, ஒண்ணு கொறச்சல்னு ஆடிச்சா?"

சுடர்விழி யோசித்தாள். "இல்ல மேடம். அப்படியே நின்னுச்சு."

"சரி, கெளம்புங்க. மெஷின் செஞ்ச எடத்துக்கே போவோம்."

லாஸ்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது அந்த நிறுவனம். முதலாளி வெற்றிவேல் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். மேஜை மேல் அதே ரக மானிட்டர். அதன் திரையின் ஓரத்தில் ஒரு சிறிய விண்டோவில், உள்ளே நடப்பதெல்லாம் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. பிரேம்குமார் தன் விரலில் அதன் சென்சார் கிளிப்பை மாட்டினான். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு, மறுபடி தொண்ணூற்றெட்டு. கழற்றியதும் எண் மறைந்து அலாரம் அடித்தது.

"பாத்தீங்கல்ல? மெஷின் மேல குத்தமில்ல" என்றார் வெற்றிவேல். சுடர்விழிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"இது வேற கண்ண உறுத்துது" என்று பிரேம்குமார் அந்த விண்டோவை மூடப் போனான். வெற்றிவேல் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "அத மூடாதீங்க. டெஸ்ட் பண்றப்ப எப்பவும் ஓடணும்."

ஹேமலதா கிளிப்பைச் சுடர்விழியின் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு வந்ததும் விண்டோவைத் தானே மூடினாள். பிறகு கிளிப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

திரை தொண்ணூற்றெட்டு என்றது. காத்திருந்தார்கள். வெறும் மேஜைக்குத் தொண்ணூற்றெட்டு. அலாரமும் வாய் திறக்கவில்லை.

"யாரும் கார்ட மாத்தல பிரேம். கார்டும் நெசம், இவங்க பாத்ததும் நெசம்" என்றாள் ஹேமலதா. "சென்சார் சிப் அளவை நேரா கார்டுல எழுதிடுது. ஸ்கிரீனும் அலாரமும் பிராசஸரைக் கேக்குது. சிப்போட அளவை ஒரு மெமரி முகவரியில வந்து படிச்சுக்கன்னு கர்னல் பிராசஸருக்குக் காட்டி வச்சிருக்கு. பிராசஸர் ஒவ்வொரு தடவையும் அவ்ளோ தூரம் போக அலுத்துக்கும். ஒருதரம் படிச்சத கேஷ்னு தன் பக்கத்துலயே இருக்கற மெமரியில நகல் வச்சுகிட்டு அதையே திருப்பிச் சொல்லும். சாதாரண மெமரிக்கு அது நல்லது. சாதனத்தோட மெமரிக்கு, நகல் வைக்காத, ஒவ்வொரு வாட்டியும் போய்ப் பாருன்னு கர்னல்ல சொல்லி வைக்கணும். இதுல நகல் வைக்கச் சொல்லியிருக்கு."

"அப்ப மொதல்ல எப்படிச் சரியா காட்டுச்சு?" என்றான் பிரேம்குமார்.

"கேஷ் சின்ன எடம். அந்த விண்டோ ஓடினா தகவல் வந்து குவியும், பழைய நகல வெளிய தள்ளிடும். அப்புறம் புதுசாப் படிச்சுத்தானே ஆவணும்? சுடர்விழி மெனுவத் தொறந்தப்பவும் அதான் நடந்துச்சு."

பிறகு வெற்றிவேலைப் பார்த்தாள். "அது மூடினா நம்பர் நின்னுபோவும்னு தெரிஞ்சவர்தானே அப்படிக் கையப் புடிப்பாரு?"

அவர் நாற்காலியில் சரிந்தார். "ஸ்கிரீன்ல படம் திக்கித் திக்கி ஓடுச்சு மேடம். டெலிவரிக்கு நேரமில்ல. நகல் வைக்கற மாதிரி செட்டிங்க மாத்தினேன், சரியாச்சு. அப்புறந்தான் நம்பர் நிக்கறதப் பாத்தேன். அடுத்த வெர்ஷன்ல திருத்திக்கலாம்னு..."

"வேற எங்கல்லாம் இது ஓடுது?"

அவரால் தலை நிமிர முடியவில்லை. "இவங்க வார்டுல... எல்லா பெட்டுலயும்."

சுடர்விழி விசாரணையை மறந்தே போனாள். வார்டு நர்ஸுக்குப் போன் போட்டாள். "பாரதியக்கா, சுடர் பேசறேன். மானிட்டர் எதையும் நம்பாதீங்க. விரல்ல மாட்டற கை மீட்டர எடுத்துகிட்டு ஒவ்வொரு பெட்டா போங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

பாரதி ஏன் என்று கேட்கவில்லை. செருப்புச் சத்தம் ஓடுவது கேட்டது. யாரையோ கூப்பிடும் குரல். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

"சுடர், ஜன்னலோரத்து பெட்டுல எண்பத்தொண்ணு. ஸ்கிரீன் தொண்ணூத்தாறுங்குது. ஆக்ஸிஜன் வச்சுட்டோம், ஏறுது. நீ லைன்லயே இரு, மத்தவங்களப் பாத்துட்டு வரேன்."

"இருக்கேங்கா" என்றாள் சுடர்விழி.