இரண்டாவது லாகின்

வீட்டின் இணையப் பூட்டுகளை இயக்கும் வலைத்தளம், இரண்டு சாதனங்கள் லாகின் செய்து உள்ளே இருப்பதாகக் காட்டியது. ஒன்று அவளுடைய போன். இன்னொன்று பழைய லேப்டாப். லேப்டாப் கடைசியாக உள்ளே வந்தது இன்று பிற்பகல் மூன்று பத்துக்கு. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பதினொன்று.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், மின்விசிறி தன் வழக்கமான முனகலோடு சுற்றியது, உள்ளறையில் அவளுடைய ஐந்து வயது மகள் குட்டி பொம்மையை எதற்கோ திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப் பட்டப்பகலில் பயப்படுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பட்டியலை மறுபடி படித்தாள்.

அந்த லேப்டாப், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் தண்ணீருக்குள் மூன்று மாதமாகக் கிடந்தது. அவள் கணவனும் அங்கேதான் கிடந்தான். குடித்துவிட்டு வந்து குட்டியின் கழுத்தைப் பிடித்து அவன் சுவரோடு அழுத்திய அன்று, அவள் கைக்குக் கிடைத்தது அந்த லேப்டாப்தான். அதன் முனையால் நெற்றிப்பொட்டில் அடித்தாள். ஒரு அடியோடு நிறுத்தியிருக்கலாம். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகும் அடித்தாள். அதற்காக இன்றுவரை அவள் வருந்தவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு அந்த லேப்டாப்பையும் போட்டுட்டோம்ல?"

"அவன் நெஞ்சோட சேத்து, கல்லை வச்சு நானே கட்டினேன். ஏன் இப்ப அத கெளறுற?"

"சும்மாதான்."

"சும்மாவா? ஏய், குரலே சரியில்லையே. இரு, நான் கெளம்பி வர்றேன்."

அவன் வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

புரோகிராம் எழுதுவது அவள் பிழைப்பு, சோம்பல் கூடப் பிறந்தது. தினமும் பாஸ்வேர்டு அடிக்க அலுத்துப்போய் அந்த லேப்டாப்பில் நாற்பது வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தாள். இவர் நம்ம ஆள்தான் என்பதற்கு அடையாளமாகத் தளம் கொடுக்கும் குக்கீகளை, பிரவுசரை மூடும்போது அது ஒரு கோப்பில் சேமிக்கும். மறுபடி திறக்கும்போது அப்படியே திருப்பிப் போடும். தளமும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிடும். போதாக்குறைக்குக் காலாவதித் தேதியைப் பத்து வருடம் தள்ளி வைத்திருந்தாள். அவன் போன பிறகு வீடு மாறியபோது வாசல் பூட்டையும் உள்ளறைப் பூட்டையும் கழற்றிக்கொண்டு வந்தாள், பாஸ்வேர்டை மாற்றினாள். பழைய குக்கீயைச் செல்லாமலாக்கத் தோன்றவில்லை. தண்ணீருக்கடியில் இருப்பதைப் போய் யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

'மற்ற எல்லாச் சாதனங்களையும் வெளியேற்று' என்பதை அழுத்தினாள். பட்டியலில் அவள் போன் மட்டும் மிஞ்சியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பழைய லேப்டாப். மூன்று பதினாறு.

மறுபடி அழுத்தினாள். போனது. வந்தது.

வாசலில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் பாசி அழுகிய நாற்றம் மெல்லப் பரவியது, அதனடியில் பழைய சாராய நெடி. மேசை இழுப்பறையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. வெயில் உள்ளே விழுந்திருந்தது. யாரும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் இன்னொரு பூட்டு மூடியது. உள்ளறை. குடித்துவிட்டு வருபவன் குழந்தையிடம் போகக் கூடாதென்று அவளே பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டிய பூட்டு.

"குட்டி! கதவத் தொற!"

"நான் பூட்டலம்மா. அப்பா பூட்டிட்டாரு."

"கிட்ட போகாத! கட்டிலுக்கு அடியில போ!"

"அம்மா, அப்பா தலையில ஓட்ட..."

சுவரில் ஏதோ மோதியது. குட்டி அலறினாள். அலறல் பாதியில் நின்றது.

அவள் சுத்தியலால் கதவை ஓங்கி அடித்தாள். மரம் தெறித்தது. மறுபடி. மறுபடி. கை கிழிந்தது. ரத்தத்தில் சுத்தியலின் பிடி வழுக்கியது. உள்ளே தொம். தொம். அவளுடைய அடிகளுக்கு இடையில். பிறகு அதுவும் இல்லை.

பலகையில் ஓட்டை விழுந்தது. தோள்வரை கையை விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவினாள்.

ஒரு சின்னக் கை அவள் விரல்களைப் பற்றியது.

"குட்டி, அம்மா வந்துட்டேன்டா. விட்றாத, அம்மா கைய விட்றாத."

அது விடவில்லை. அதன்மேல் ஒரு பெரிய கை வந்து படிந்தது. ஈரம். ஜில்லென்ற ஈரம். சின்னக் கையும் அதே அளவு ஜில்லென்று இருந்தது.

இரண்டும் சேர்ந்து இழுத்தன.