ஏழாம் நாள் தண்ணீர்

அந்தப் பிற்பகலில் வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர்: ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தரான அண்ணன், மூளைக்கட்டியை எடுத்து ஏழாம் நாளான அவர் தம்பி, தம்பியின் மனைவி, அவர்கள் மகளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த துணிக்கடைக்காரர்.

குளியலறையில் தம்பியின் சிறுநீரை அளக்கும் ஜாடி காய்ந்திருந்தது. ஆறு நாளாக, முதலில் ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டிலும், மணிக்கொரு தரம் நிரம்பி வழிந்த ஜாடி; "வீட்டுல ஒட்டகத்தைக் கட்டி வச்சிருக்கீங்க அண்ணே" என்று தம்பியே சிரித்தபடி சொம்பு சொம்பாகக் குடித்துத் தீர்த்த நாட்கள். தொல்லை விட்டது என்றுதான் அண்ணன் முதலில் நினைத்தார். பழக்கம் மாறாமல் இன்றும் நான்கு சொம்பு புகட்டியிருந்தார்.

தம்பி மனைவி கதவருகே வந்து கிசுகிசுத்தாள்.

"மாமா, காலையிலேருந்து ஒரு சொட்டு போகல. குறைஞ்சா தண்ணிய நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்களே ஆஸ்பத்திரியில!"

சொன்னார்கள்தான். அண்ணன் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"கூடத்துல ஆள் இருக்காரும்மா. மண்டையில ஆபரேஷன்னு தெரிஞ்சா, பைத்தியம் பிடிச்ச குடும்பம்னு பேர் வாங்கணுமா? அவர் கிளம்பட்டும். நீ போய்ச் சிரிச்ச முகமா உட்காரு."

அவள் அசையவில்லை. அவர் முறைத்தார். போனாள். தாழ்ப்பாளைப் போட்டார்.

அறையில் டெட்டால் வாடை. மூடிய திரைக்குப் பின்னால் வெயில் மஞ்சளாகக் கசிய, எங்கோ ஒரு குழாய் சொட்டும் ஓசையும் தம்பியின் மூச்சும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே தாளத்தில், விடாமல் கேட்டன.

"தலைக்குள்ள தளும்புதுண்ணே."

"பேசாம படுறா."

"மூலையில யாரு, ஈரத்தோட?"

அண்ணன் திரும்பவில்லை. திரும்பினால் இருக்கும் என்று தோன்றியது. திரும்பினார். சுவர். வெறும் சுவர்.

மறுபடி தம்பியைப் பார்த்தார். கண்கள் மேலே செருகியிருந்தன. தாடை இறுகியது. கால்கள் உதைத்தன. இரும்புக் கட்டில் தரையில் மோதியது. டக். டக். டக்.

"உள்ளே என்ன சத்தம்?" துணிக்கடைக்காரரின் குரல்.

"பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கறாங்க!"

அவர் தம்பியின் கால்கள்மேல் சாய்ந்தார். முழுப் பாரமும். சத்தம் நின்றது. கால்கள் மட்டும் துடித்தன. பிறகு அதுவும் இல்லை. விருந்தாளி விடைபெறும்வரை அவர் எழவில்லை.

படுத்திருந்தவனைப் பேய் அமுக்கிக் கொன்றதாகத் தெருவில் பேசுகிறார்கள். தவறு. குடித்த தண்ணீர் வெளியேறாமல் ரத்தத்தில் உப்பு நீர்த்து இறங்கி, வலிப்பு வந்துவிட்டது. அமுக்கியது அண்ணன்.