சாய்ந்து கிடந்த கல்

மூன்று அடுப்புக் கற்களில் ஒன்று சாய்ந்து கிடந்தது.

செனசாய் சமையல் குடிசையின் வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கா எஸ்நாத் இருக்கிற வீட்டில் அடுப்பு இப்படிக் கிடக்காது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் விடியலில் எழுந்து வந்து, சாம்பலை அள்ளிப் போட்டு, கற்களை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி போய்ப் படுப்பாள். இன்று சாம்பல் ஈரத்தில் கட்டிப்போயிருந்தது. கூரையிலிருந்து புகைக்கரி கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழுந்து கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. வெளியே மூன்று நாளாக விடாத தூவானம். சிப்பிங்கே மலையின் தேயிலைச் சரிவையும், பாதையையும், பக்கத்து வீட்டையும் பனி ஒரே வெள்ளையாக விழுங்கி வைத்திருந்தது. பிற்பகல் மூன்று மணி என்று கைபேசி சொன்னது. வெளிச்சம் எதுவும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு முத்தாரே டவுனுக்குப் பஸ். அதற்குள் அக்காவுக்குக் கொஞ்சம் கஞ்சி கொடுத்து, போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டாவது போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். அடுத்த மாதம் செனசாய் சேரவிருக்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கிறது. ஒரு ராத்திரிகூட இந்த வீட்டில் தங்கக் கூடாது.

காரணம், முனெமோ. எஸ்டேட்டில் கங்காணி, அக்காவின் புருஷன். மரியாதைக்கு 'பாபாமுகுரு', அதாவது பெரியப்பா, என்றுதான் அவனைக் கூப்பிட வேண்டும். அவனோ செனசாயைப் பெண்டாட்டி என்பான். வழக்கம் அது. மனைவியின் தங்கையைக் கிண்டல் செய்யலாம், கிள்ளலாம், இழுக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். போன கிறிஸ்துமஸில் முற்றம் நிறையச் சனம் இருந்தபோது அவள் தலைத்துணியை உருவினான். மஞ்சள் துணி, பச்சை இலை போட்டது. பிடுங்கப் போனவளின் இடுப்பில் அவன் கை விழுந்தது. பிறகு இடுப்புக்குக் கீழே இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். துணியை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அவள் அத்தை வயலெட்டிடம் போய் அழுதாள். அப்பாவின் தங்கை; இந்த மாதிரி விஷயங்களை அவளிடம்தான் சொல்ல வேண்டும்.

"விளையாட்டுடி அது. எனக்கும் ஒரு மச்சான் இருந்தான், நான் என்ன தேய்ஞ்சா போயிட்டேன்? ரொம்பக் கோவம்னா களி கிண்டுற துடுப்பால ஒண்ணு போடு. அதுக்கும் வழக்கத்துல இடம் இருக்கு."

அன்று சிரிக்காதவள் எஸ்நாத் ஒருத்திதான். பாத்திரம் கழுவும்போது, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "இனிமே இங்க வராத. நானே கூப்பிட்டாலும் வராத."

கூப்பிட்டது அக்கா அல்ல. 'அவளுக்கு முடியல, வந்து கஞ்சி வச்சுக் கொடு' என்று முனெமோவிடமிருந்து செய்தி வந்தது. பஸ்ஸிலிருந்து அத்தைக்குப் போன் செய்தபோது, போனதும் முதலில் அடுப்பைப் பற்றவை, மற்றதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம் என்றாள் அத்தை.

வந்ததும் படுக்கையறைக்குத்தான் ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. அவித்த தைலமர இலையின் காரம் கதவிடுக்கில் வழிந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை, பூச்சாடியில் பல நாள் நின்ற தண்ணீர் மாதிரி. மண்டியிட்டு, உள்ளங்கைகளைக் குழித்து, இந்தப் பக்கத்துப் பெண்கள் வணக்கம் சொல்லும் விதமாக மெல்லக் கை தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். எழுந்து திரும்பும்போது கேட்டது.

தப். தப்.

குழிந்த கைகளின் அதே மங்கிய ஓசை. அக்கா பதில் வணக்கம் சொல்கிறாள். உயிரோடு இருக்கிறாள். செனசாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. முனெமோ அப்போது தாழ்வாரத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். "இப்பதான் கண்ணசந்தா. சமைச்சு முடிச்சிட்டு எழுப்பு, சின்னவளே" என்றான், நிமிராமல்.

அதனால்தான் இப்போது குனிந்து அந்தக் கல்லைப் பிடித்தாள்.

நினைத்ததைவிடக் கனம். அடியில் வெளுத்த எறும்புகள் நாலாபக்கமும் சிதறின. இரண்டு கையாலும் நிமிர்த்தி, மற்ற இரண்டு கற்களின் பக்கம் நகர்த்தி நிறுத்தினாள். ஈர விறகு புகைந்து, சீறி, பற்றிக்கொண்டது. பானையை ஏற்றினாள். தண்ணீர் கொதித்ததும் சோளமாவைத் தூவித் துடுப்பால் கிண்டத் தொடங்கினாள். மாவு கொப்புளம் விட்டு உடையும் சத்தம். கூரை சொட்டும் சத்தம்.

பிறகு வாசல் இருண்டது.

முனெமோ. முகம் மழித்திருந்தான். வெள்ளைச் சட்டை. பாலிஷ் போட்ட பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். தீயையே பார்த்தான்.

"பத்திக்கிச்சா?"

"அறைச் சாவி குடுங்க. அக்காவ எழுப்பணும்."

உள்ளே வந்தான். பூட்ஸை ஓரமாக வைத்தான். சொந்த வீட்டில் வைப்பதுபோல. அவன் கை அவள் இடுப்பில் வந்து அமர்ந்தது. கிள்ளவில்லை. இழுக்கவில்லை. சும்மா இருந்தது. எப்போதும் கூடவே வரும் இளிப்பு அவன் முகத்தில் இல்லை.

"இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றான்.

துடுப்பை வீசினாள். கொதிக்கும் கஞ்சியோடு அது அவன் மணிக்கட்டில் விழுந்தது. தோல் வெந்து சிவந்தது. அவன் கத்தவில்லை. ஒட்டியிருந்த கஞ்சியை வழித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"உப்பு கம்மி. அடி. பொண்டாட்டி அடிக்கலாம்."

கைபேசியை எடுத்தான். "அத்தை, கல்ல எழுப்பிட்டா. அவ கையாலயே."

போனுக்குள்ளிருந்து குலவை கிளம்பியது. அத்தை வயலெட்டின் குலவை. கல்யாண வீட்டில் போடுவது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது வயதில் பார்த்தது. சித்தப்பாவின் வீடு. மனைவி செத்துப்போன வீட்டில் ஒரு அடுப்புக் கல்லைச் சாய்த்து வைப்பார்கள். செத்தவளின் தங்கையைக் கூப்பிடுவார்கள். அவள் கல்லை நிமிர்த்தித் தீ மூட்டினால், அந்த வீட்டுக்கு அவள்தான் மனைவி. விருப்பமில்லையென்றால் கல்லைத் தொடாமல் போய்விடலாம். சித்தியின் தங்கை அப்படித்தான் போனாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கவும் கூடாது.

தொடாமல் போனால்.

அப்படியென்றால் அக்கா?

துடுப்போடு அவனைத் தள்ளிவிட்டு ஓடினாள். முற்றம். சேறு. தாழ்வாரம். படுக்கையறைக் கதவு இப்போது திறந்திருந்தது.

கழுத்து வரை வெள்ளைப் போர்வை. எஸ்நாத்தின் முகம் சாம்பல் நிறம். தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். செனசாய் போர்வையை விலக்கினாள். மார்பின்மேல் இரண்டு கைகளும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. மஞ்சள் துணி. பச்சை இலை. அவளுடைய தலைத்துணி.

தொட்டாள். கல்லைப் போலவே குளிர்.

"செவ்வாக்கிழமையே போயிட்டா." முனெமோ வாசலில் நின்றான். "அடுப்பு அணைஞ்ச வீட்டுல யார் அழுறது? அதான் காத்திருந்தோம்."

செவ்வாய். இன்று வியாழன்.

அப்போது கை தட்டியது யார்?

கீழே பனிக்குள் எங்கோ நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை. எஞ்சின் சத்தம் வளைவில் ஏறியது. தேய்ந்தது. இல்லாமல் போனது.

அவன் கதவைப் பின்னால் சாத்தினான். செனசாய் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் ஓரடி வைத்தான். இன்னோரடி.

தப்.

அவன் நின்றான்.

தப். தப்.

அவள் முதுகுக்குப் பின்னால். மிக அருகில். குழிந்த கைகள்.

முனெமோவின் வாய் திறந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், மேலே, ஒருத்தி எழுந்து நின்றால் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தான். வெந்த கை தாழ்ப்பாளைத் தேடியது. கிடைக்கவில்லை.

செனசாய் திரும்பவில்லை. குனிந்து தன் காலடியை மட்டும் பார்த்தாள்.

மஞ்சள் துணி அங்கே கிடந்தது, வளையமாக. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.