யாருடைய ஆசை

மேகலாவின் தோள்பட்டைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் இசைவியைக் கழற்றியே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒருவருடையதை மட்டும் கழற்ற முடியாது. ஆகவே மேகலாவோடு அவள் கணவன் சிபியும் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்த நெல்மணி அளவுக் கருவியை எடுத்துவிட்டு, சின்னப் பிளாஸ்திரியோடு வீடு திரும்பினான். சிகிச்சை முடிந்து மறுபடி பொருத்தச் சில வாரங்கள் ஆகும்.

கோயம்புத்தூரில் இப்போது இசைவி இல்லாத தம்பதிகள் அரிது. கல்யாணச் சீரில் வாஷிங் மெஷினோடு அதுவும் வந்துவிடுகிறது. ஒருவருக்கு ஆசை எழுந்தால் மற்றவர் உடம்பிலும் அதை மெல்ல எழுப்பிவிடும். கெஞ்ச வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் மேகலாவுக்கும் சிபிக்கும் அந்த விஷயத்தில் ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை.

அவனுக்குத்தான் ஆசை அதிகம் என்று மேகலா நினைத்திருந்தாள். வேலைக்குப் போய்வந்து களைத்துக் கிடக்கும்போதுகூடத் திடீரென்று உடம்பு சூடேறும். "மாமாவுக்குத் தோணிருச்சாட்ட இருக்குது" என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்புவாள்.

கருவியைக் கழற்றிய பிறகு அவன் பாத்திரம் கழுவினான், அவள் தோளுக்குத் தைலம் தேய்த்தான், படுத்ததும் தூங்கிப்போனான். முதலில் தன் வலிக்காகப் பொறுத்திருக்கிறான் என்று நினைத்தாள். வலி குறைந்த பிறகும் அவன் நெருங்கவில்லை. ஆபீஸில் யாராவது இருப்பார்களோ என்று யோசித்து, யோசித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

திரும்பப் பொருத்தப் போன அன்று, கருவி பொருத்தும் தாட்சாயணியிடம் அவளே கேட்டுவிட்டாள். "ஏனுங்க, இதைக் கழட்டுனதுல இருந்து இவரு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லீங்க."

சிபி திடுக்கிட்டான். "நானா? நீ கூப்புடுவேன்னு நான் இருந்தேன். எப்பவும் உங்கிட்ட இருந்துதான வரும்?"

"எங்கிட்ட இருந்தா? நான் உங்களுக்குன்னு நெனச்சேன் மாமா!"

இருவரும் தாட்சாயணியைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள்.

"வழக்கமா இதைச் சொல்றதில்லீங்க. ரெண்டு பேருக்கும் ரொம்ப நாள் ஒண்ணுமே எழலைன்னா கருவியே தூண்டிவிடும். குடும்பம் ஆறிப்போயிரக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்க."

"எங்களுக்கு எத்தனை தடவை அப்படி?" என்றான் சிபி.

அவள் தயங்கினாள். "பாப்பா பொறந்ததுக்கு அப்புறம்... எல்லாமே அதுதாங்க."

இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். காரில் வரும்போது அத்தனை இரவுகளையும் மேகலா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவனுக்காக அவள் இணங்கியது, அவளுக்காக அவன் இணங்கியது. யாருமே கேட்காத ஒன்றை இருவரும் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார்கள்.

வீட்டில் மகள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. கட்டிலின் இரு ஓரங்களிலும் உட்கார்ந்தார்கள். சிபி தொண்டையைச் செருமினான்.

"அம்மிணி, உனக்கு இப்ப..." அவனுக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

மேகலா தனக்குள் தேடிப் பார்த்தாள். எதுவும் இல்லை. சொல்லப் பயமாக இருந்தது.

"இல்ல மாமா. வேண்டாம்."

அவன் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தாள். அவனோ பெருமூச்சு விட்டு, "எனக்குந்தான்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். கருவி வந்த நாளிலிருந்து அவர்கள் தாங்களாகவே ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். சிரித்து முடிந்தபோது இருவர் கண்களும் நனைந்திருந்தன.

சிபி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். "சும்மா கையை மட்டும் புடிச்சுக்கட்டுமா?"

மேகலா தனக்கு வேண்டுமா என்று நிதானமாக யோசித்தாள். அவன் காத்திருந்தான்.