வேதுக் கம்பளி

நேற்று இடது தோளுக்குக் கீழே கேட்ட இழுப்பு இன்று வலப்பக்கம் கேட்டது. மெஹராஜ் புருஷனின் முதுகில் மறுபடி காதை வைத்துப் பார்த்தாள். ஒரு வாரமாகவே அது வாடகைக்கு இடம் தேடுகிற ஆள் மாதிரி ஜெயினுலாப்தீனின் நெஞ்சுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"வெறும் ஆஸ்துமான்னு விட முடியாதும்மா. நுரையீரல்ல பாக்டீரியா தொத்தியிருக்கலாம். சோதனை முடியற வரைக்கும் குழந்தையக் கிட்ட விடாதீங்கோ" என்று மாட்டுங்கா டாக்டர் அனந்தகிருஷ்ணன் சொல்லியிருந்தார். தாராவியின் ஒற்றை அறையில் கிட்ட எது, எட்ட எது என்று அவர் சொல்லவில்லை.

நாத்தனார் சுலைகா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"எங்க வாப்பாவுக்கும் இதே இழுப்புதான். யாருக்கு ஒட்டுச்சு? புள்ளைக்கும் சளி கட்டியிருக்கு. குழாயில தண்ணி வர்ற லட்சணத்துக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பானையில வேது புடிச்சிரலாம்."

"டாக்டர் வேண்டாம்னாரே மைனி."

"டாக்டரா இவன வளத்தாரு? புள்ளைய மடியில வச்சுக்கிட்டு நீயும் உள்ள இரி."

மெஹராஜ் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

மழை பெய்துகொண்டிருந்த மத்தியானம். ஜன்னலில் சாக்கு தொங்கியது. கொதிக்கும் பானைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், மடியில் கைக்குழந்தை சபுரா. மேலே கம்பளி விழுந்ததும், தைல நெடியும் அவர் உடம்பில் ஊறிப்போன தோல் பட்டறை நாற்றமும் பிள்ளை கக்கிய பாலின் புளிப்பும் ஒன்றாகக் கலந்து, அவர் விடுகிற மூச்சையே அவளும் பிள்ளையும் இழுக்க வேண்டியதாயிற்று. ஆவி வெளியேறாமல் சுலைகா சுற்றி வந்து ஓரங்களைப் பாய்க்கடியில் செருகினாள்.

அவர் இழுத்தார். விட்டார். இடையில், மெல்லியதாய், சபுராவும் இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே தாளத்தில் கேட்டன. பிறகு இரண்டா ஒன்றா என்று பிரிக்க முடியவில்லை.

மெஹராஜ் நிமிர்ந்தாள். கம்பளியைத் தள்ளினாள். ஓரத்தை அழுத்திக்கொண்டு சுலைகாவின் முழங்கால்.

"மைனி, தொறங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் புள்ள. ஆவி பூரா போயிரும்."

இருட்டில் கையை நீட்டினாள். புருஷனின் நெஞ்சு. ஈரம். ஏறவில்லை. இறங்கவில்லை.

மடியில் சபுரா மூச்சை இழுத்தாள். நீளமாக. கரகரவென்று. வளர்ந்த ஆண்பிள்ளையின் இழுப்பு.

"தம்பிக்குச் சளி நல்லா இளகுது, கேக்குதா?" என்றாள் சுலைகா, கம்பளியை இன்னும் இறுக்கிச் செருகியபடி.